‘மறுபடி எடு’ என்று சொல்லும் உரிமை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தமிழ்த் திரைப்படம் எப்போது இயக்குநரின் கைக்கு வந்தது என்று கேட்ட வாசகருக்கு, “ஸ்டூடியோக்கள் ஓய்ந்தபோது” என்று சென்ற இதழில் ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த வரி பலருக்குப் போதவில்லை. சிலருக்கு அது தவறாகவே பட்டிருக்கிறது. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆகவே வந்த கடிதங்களில் இந்தப் பொருளைத் தொட்டவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: ஸ்டூடியோ என்பது படம் எடுக்க வாடகைக்கு விடும் இடம்தானே? கல்யாண மண்டபத்துக்காரர் மாப்பிள்ளையைத் தீர்மானிப்பதில்லை. அப்படியிருக்க, ‘ஸ்டூடியோ ஆதிக்கம்’ என்று எதைச் சொல்கிறீர்கள்? (வாசகர், சேலம்)

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவை இன்னும் வைத்திருக்கிற ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்திருப்பது வேடிக்கைதான். நீங்கள் சொல்லும் வாடகைக் கொட்டகை பிற்காலத்து ஸ்டூடியோ. அதற்கு முந்தைய ஸ்டூடியோ ஓர் ஆலையைப் போன்றது. மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கிய டி.ஆர்.சுந்தரம் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவர். 1930-களின் நடுப்பகுதியில் அவர் படத் தொழிலில் இறங்கியபோது நூல் ஆலையின் ஒழுங்கையும் கூடவே கொண்டுவந்தார். படப்பிடிப்புத் தளம், பிலிம் கழுவும் லேப், ஒலிப்பதிவு, தச்சுப் பட்டறை, தையல் பிரிவு என எல்லாம் ஒரே மதிலுக்குள் இருந்தன. நடிகர்கள் உட்படப் பலரும் மாதச் சம்பளக்காரர்கள். 1963-இல் அவர் மறையும்வரை அந்த மதிலுக்குள் இறுதிச் சொல் அவருடையதாகவே இருந்தது. பல படங்களை அவரே இயக்கினார். மற்றவர்கள் இயக்கியவையும் அவருடைய படங்களாகவே அறியப்பட்டன.

சென்னையில் ஜெமினி ஸ்டூடியோ இன்னும் விரிவான ஏற்பாடு. அங்கே கதைக்கென்றே ஓர் இலாகா இருந்தது. கொத்தமங்கலம் சுப்பு போன்றவர்கள் அதில் இருந்தார்கள். இளம் வயதில் அங்கே வேலை பார்த்த எழுத்தாளர் அசோகமித்திரன், பத்திரிகைச் செய்திகளை வெட்டிக் கோப்புகளில் ஒட்டிச் சேர்ப்பதுதான் தமக்கு இடப்பட்ட பணி என்று பின்னாளில் எழுதியிருக்கிறார். ஒப்பனை அறையின் படிநிலையைப் பற்றி அவர் சொல்வது இன்னும் சுவையானது: தலைமை ஒப்பனையாளர் முக்கிய நடிகர்களின் முகத்தை மட்டும் தொடுவார், அவருடைய மூத்த உதவியாளர் இரண்டாம் நாயகன், நாயகியைக் கவனிப்பார், இளைய உதவியாளருக்கு நகைச்சுவை நடிகர், கூட்டத்தில் நிற்பவர்களுக்குச் சாயம் பூசுவது ‘ஆபீஸ் பாய்’. முகத்துக்கு மாவு பூசுவதிலேயே இத்தனை அதிகாரப் படிகள் என்றால், கதையையும் காட்சியையும் வெட்டுவதிலும் ஒட்டுவதிலும் எத்தனை இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அந்தப் படிகளில் இயக்குநருக்கும் ஒரு படி உண்டு. ஆனால் உச்சிப்படி அவருடையதல்ல.

இந்த அதிகாரத்தை அளக்க என்னிடம் ஓர் எளிய அளவுகோல் உண்டு. அன்றன்று எடுத்த துண்டுகளை லேப்பிலிருந்து வரவழைத்துத் திரையிட்டுப் பார்ப்பதை ‘ரஷ் பார்ப்பது’ என்பார்கள். விளக்கு எரிந்ததும் “மறுபடி எடு” என்று சொல்லி, அதற்கான பிலிமையும் சம்பளத்தையும் கணக்குப் பார்க்காமல் கொடுக்கக்கூடியவர் யாரோ, படம் அவருடையது. அந்தக் காலத்தில் இப்படிச் சொல்லும் உரிமை ஸ்டூடியோ முதலாளியிடம் இருந்தது.

கேள்வி: முதலாளி தலையிட்டு இயக்குநரின் முடிவை மாற்றியதற்குத் தெளிவான உதாரணங்கள் உண்டா, அல்லது இவையெல்லாம் கோடம்பாக்கத்துத் திண்ணைப் பேச்சா? (வாசகர், மதுரை)

திண்ணைப் பேச்சும் நிறைய உண்டு. அதை ஒதுக்கிவிட்டு மூன்று படங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, 1948-இல் வெளிவந்த ‘சந்திரலேகா’. அதை இயக்கத் தொடங்கியவர் டி.ஜி.ராகவாச்சாரி. ஜெமினி முதலாளி எஸ்.எஸ்.வாசனுக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு முற்றியபோது விலகியவர் இயக்குநர்தான்; வாசன் தாமே இயக்குநர் நாற்காலியில் அமர்ந்தார். அதற்கு முன் அவர் ஒரு படத்தையும் இயக்கியதில்லை. ஒத்திகை மேல் ஒத்திகை, செட் மேல் செட், இடையில் புகுத்தப்பட்ட சர்க்கஸ் காட்சிகள் எனப் படம் ஆண்டுக்கணக்கில் வளர்ந்தது. செலவு 30 லட்சம் ரூபாய் அளவுக்குப் போனதாகச் சொல்வார்கள். அந்தக் காலத்துக்கு அது மலைக்க வைக்கும் தொகை. பெரும் முரசுகளின்மீது நூற்றுக்கணக்கானோர் ஆடும் அந்த நடனத்தை இன்று பார்த்தாலும், ஒரு கலைஞனின் பிடிவாதத்தையும் ஒரு வியாபாரியின் சூதாட்டத் துணிச்சலையும் அதில் பிரித்தெடுக்க முடிவதில்லை. சம்பளத்துக்கு வந்த எந்த இயக்குநரும் அந்தப் பணத்தைக் கேட்டிருக்கவே முடியாது என்பது என் எண்ணம்.

இரண்டாவது, 1952-இல் வந்த ‘பராசக்தி’. நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ.பெருமாளும் ஏவி.எம். நிறுவனமும் சேர்ந்து எடுத்த படம், இயக்கியவர்கள் கிருஷ்ணன்-பஞ்சு. புதுமுகமாக வந்த சிவாஜி கணேசனின் மெலிந்த தோற்றத்தில் ஏவி.எம். முதலாளி ஏ.வி.மெய்யப்பனுக்குத் திருப்தி இல்லை. வேறு நடிகரைப் போடலாம் என்ற பேச்சு எழுந்தபோது பெருமாள்தான் விடாப்பிடியாக மறுத்தார். பின்னர் சிவாஜியின் உடல் தேறியபின், முதலில் எடுத்த பகுதிகளை மெய்யப்பன் திரும்ப எடுக்க வைத்தார். இந்த வழக்கில் வாதி மெய்யப்பன், பிரதிவாதி பெருமாள். இயக்குநர்கள் சாட்சிக் கூண்டில்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது, 1954-இன் ‘அந்த நாள்’. வீணை வித்வான் எஸ்.பாலசந்தர் இயக்கிய அந்தப் படத்தில் ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. ஒரு கொலையைப் பலர் பலவிதமாகச் சொல்லும் கதை. வேறொரு நடிகரை வைத்துப் பெரும்பகுதியை எடுத்து முடித்த பிறகு, மெய்யப்பன் அதைத் தள்ளிவிட்டுச் சிவாஜியை வைத்துப் புதிதாக எடுக்கச் சொன்னார். படம் வெளிவந்தபோது வசூல் பெரிதாக இல்லை. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது: பாட்டே இல்லாத தமிழ்ப் படத்துக்கு அந்த நாளில் பணம் போட ஒப்புக்கொண்டதும் அதே மெய்யப்பன்தான். முதலாளி என்றாலே கலைக்குப் பகை என்று எழுதுகிறவர்கள் இந்தப் படத்தை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: ‘கல்யாணப் பரிசு’ இயக்குநர் ஸ்ரீதருக்கு முன்பு இயக்குநரின் பெயரால் அறியப்பட்ட தமிழ்ப் படமே இல்லையா? (வாசகர், திருச்சி)

இருந்தது, அதனால்தான் என்னுடைய பழைய ஒற்றை வரிப் பதில் முழு உண்மை அல்ல என்கிறேன். ஸ்டூடியோக்கள் வலுப்பெறும் முன்பே, 1930-களில், கே.சுப்ரமணியம் ‘பாலயோகினி’, ‘சேவாசதனம்’, ‘தியாகபூமி’ என்று சமூகத்தைத் தட்டிக் கேட்கும் படங்களைத் தம் விருப்பப்படி எடுத்தார். அவற்றில் எது யாருடைய குரல் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. 1939-இல் வந்த ‘தியாகபூமி’யைக் கல்கி ‘ஆனந்த விகட’னில் தொடராக எழுதியபோது, படத்தின் காட்சிப் படங்களே கதைக்குச் சித்திரமாக வெளியாயின, தேசிய உணர்வைத் தூண்டுகிறது என்று வெள்ளை அரசாங்கம் பின்னர் படத்துக்குத் தடை விதித்தது.

இதில் வரலாற்றின் குறும்பு ஒன்று உண்டு. சுப்ரமணியம் நடத்திவந்த ஸ்டூடியோ தீவிபத்தில் சேதமடைந்து ஏலத்துக்கு வந்தது. அதை எடுத்தவர் வாசன். அதுவே ஜெமினி ஆயிற்று. இயக்குநரின் வீடு இருந்த மனையில்தான் முதலாளியின் மாளிகை எழுந்தது.

கேள்வி: அவ்வளவு வலிமையாக இருந்த ஸ்டூடியோக்கள் எப்படித் தளர்ந்தன? இயக்குநர்கள் போராடிப் பெற்றார்களா? (வாசகி, சென்னை)

போராட்டம் எதுவும் நடக்கவில்லை. ஸ்டூடியோவிடமிருந்து அதிகாரம் நேராக இயக்குநரிடம் வரவும் இல்லை. நடுவில் சுமார் 20 ஆண்டுகள் அது நட்சத்திரங்களிடமும் பைனான்சியர்களிடமும் தங்கியிருந்தது. இந்த நடுப்பகுதியைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கச்சா பிலிமுக்குக் கடும் தட்டுப்பாடு. ஒரு படம் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்று அரசு வரம்பு கட்டியது. போர் முடிந்தபின் எங்கெங்கோ சேர்ந்திருந்த பணம் சினிமாவுக்குள் பாய்ந்தது. சொந்தமாக ஒரு செங்கல்கூட இல்லாதவர்கள், ஒரு நடிகரின் கால்ஷீட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தயாரிப்பாளர் ஆனார்கள். படத் தொழிலை ஆராய 1949-இல் மத்திய அரசு அமைத்த எஸ்.கே.பாட்டீல் குழு, 1951-இல் தந்த அறிக்கையில் இந்தத் திடீர்த் தயாரிப்பாளர்களைப் பற்றியும் நட்சத்திரங்களின் ஊதியத்தைப் பற்றியும் கவலைப்பட்டிருக்கிறது. படங்களுக்குக் கடன் தரும் நிதிக் கழகமும் பயிற்சிக் கல்லூரியும் வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தவை 1960-இல்தான் நடைமுறைக்கு வந்தன. புனேயில் திரைப்படக் கல்லூரி தொடங்கியது அப்போதுதான்.

பணம் புரண்ட முறையைச் சற்று அருகில் பார்த்தால் ஸ்டூடியோவின் தளர்ச்சி விளங்கும். தயாரிப்பாளர் பெரிய நடிகரின் பெயரைச் சொல்லி, ஏரியா ஏரியாவாக விநியோகஸ்தர்களிடம் அட்வான்ஸ் வாங்குவார். போதாததற்கு வட்டிக்குக் கடன். கடன் கொடுத்தவருக்குப் பிணை, லேப்பில் இருக்கும் நெகட்டிவ். “இவருடைய பாக்கி தீராமல் பிரதி வெளியே போகாது” என்று லேப் எழுதிக் கொடுக்கும் கடிதத்துக்கு ‘லேப் லெட்டர்’ என்று பெயர். ஒரு படத்தின் தலையெழுத்து அந்தத் தாளில் இருந்தது. இந்த ஏற்பாட்டில் ஸ்டூடியோவுக்குக் கிடைத்த இடம், தளத்தையும் கருவிகளையும் வாடகைக்கு, அதுவும் பல சமயம் கடனுக்கு, விடுகிறவரின் இடம். மாதச் சம்பளத்தில் ஆட்களை வைத்துக்கொண்டு சொந்தப் படம் எடுப்பதைவிட, தளத்தை வாடகைக்கு விடுவது முதலாளிக்கே லாபமாகிவிட்டது. சேலம் வாசகரின் கல்யாண மண்டபம் பிறந்தது இப்படித்தான்.

அப்போது “மறுபடி எடு” என்று சொல்லும் உரிமை யாரிடம் போயிற்று? எவர் பெயரைச் சொல்லிப் பணம் வாங்கப்பட்டதோ அவரிடம். எம்.ஜி.ஆர். 1958-இல் ‘நாடோடி மன்ன’னைத் தாமே தயாரித்து, தாமே இயக்கி, இரட்டை வேடத்திலும் நடித்தது தற்செயல் அன்று. வாசன் பத்தாண்டுகளுக்கு முன் முதலாளியாக இருந்து செய்ததை, அவர் நட்சத்திரமாக இருந்து செய்தார்.

கேள்வி: அப்படியானால் ஸ்ரீதரின் சாதனை என்ன? அவரும் ஸ்டூடியோ தளத்தில்தானே எடுத்தார்? (வாசகர், செங்கல்பட்டு)

தளத்தில்தான் எடுத்தார், வாடகைத் தளத்தில். ஸ்டூடியோ வாடகைக்கு இறங்கிவந்ததால் கிடைத்த வசதியை, பெரிய நட்சத்திரத்தின் நிழல் இல்லாமலும் பயன்படுத்தலாம் என்று அவர் காட்டினார். வசனகர்த்தாவாக இருந்து, 1959-இல் ‘கல்யாணப் பரிசு’ மூலம் இயக்குநரானவர். 1961-இல் ‘தேன் நிலவு’க்காகக் காஷ்மீர்வரை படக்குழுவைக் கூட்டிப்போனார். மறு ஆண்டே அதற்கு நேர்மாறாக, ‘நெஞ்சில் ஓர் ஆலய’த்தை ஏறத்தாழ முழுவதும் ஒரே மருத்துவமனை செட்டுக்குள், ஒரு மாதத்துக்குள் முடித்தார். முத்துராமன், தேவிகா, கல்யாண்குமார் ஆகிய மூவரில் எவருடைய பெயருக்காகவும் அன்று டிக்கெட் கியூ நீளாது. அந்த ஒற்றைச் செட்டில் அலுப்புத் தட்டாமல் பார்த்துக்கொண்டது வின்சென்ட்டின் கேமரா. ‘காதலிக்க நேரமில்லை’யிலும் ‘வெண்ணிற ஆடை’யிலும் புதுமுகங்களையே முன்னிறுத்தினார். “ஸ்ரீதர் படம் வந்திருக்கிறது” என்று மக்கள் சொல்லத் தொடங்கினார்கள். அந்தப் பேச்சு வழக்குத்தான் அவருடைய மூலதனம். அதை வைத்து அவர் ‘சித்ராலயா’ என்று சொந்த நிறுவனம் நடத்தினார்.

கே.பாலசந்தரின் வழியும் இதற்குப் பக்கத்து வழிதான். அரசு அலுவலகத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவரை ஸ்டூடியோவே தேடி வந்தது. அவருடைய கதையான ‘சர்வர் சுந்தர’த்தை 1964-இல் ஏவி.எம். எடுத்தபோது இயக்கியவர்கள் கிருஷ்ணன்-பஞ்சு. இரண்டே ஆண்டுகளில் ‘மேஜர் சந்திரகாந்த்’தை அதே ஏவி.எம்.முக்கு அவரே இயக்கினார். 1970-களில் கலாகேந்திரா நிறுவனத்துக்கு அவர் எடுத்த ‘அரங்கேற்றம்’, ‘அபூர்வ ராகங்கள்’ போன்றவற்றின் கதையை வேறு எந்தத் தயாரிப்பாளரிடம் சொல்லியிருந்தாலும், “முடிவை மட்டும் மாற்றிவிடுங்கள்” என்றிருப்பார்.

கேள்வி: ஹாலிவுட்டிலும் பிரான்சிலும் நடந்ததன் எதிரொலிதானே இது? (வாசகர், பெங்களூரு)

எதிரொலி குறைவு. அமெரிக்காவில் ஸ்டூடியோக்கள் திரையரங்குகளையும் கையில் வைத்திருந்தன. அந்தப் பிடியை 1948-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு உடைத்தது. நம் ஸ்டூடியோக்களுக்குத் திரையரங்குகள்மீது அந்த அளவுப் பிடி இருந்ததே இல்லை; அவை தளர்ந்தது சட்டத்தால் அல்ல, பணக்கணக்கால். பிரான்சில் திரைப்பட விமர்சகர் த்ரூஃபோ 1954-இல் எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பிய ‘இயக்குநரே படைப்பாளி’ என்ற வாதம், திரைப்படச் சங்கங்கள் வழியாகவும் புனே, அடையாறு திரைப்படக் கல்லூரிகள் வழியாகவும் இங்கே வந்து சேர்ந்தது உண்மை. அது சிலருக்குத் தன்னம்பிக்கை கொடுத்தது. பிலிம் வாங்கப் பணம் கொடுக்கவில்லை.

கேள்வி: ‘16 வயதினிலே’தான் கேமராவை முதலில் கிராமத்துக்குக் கொண்டுபோனது என்கிறார்களே, சரியா? செலவைக் குறைக்கத்தான் வெளியே போனார்களா? (வாசகர், தேனி)

முதலில் என்பது சரியல்ல. அதற்கு முந்தைய ஆண்டு, 1976-இல், ‘அன்னக்கிளி’ தெங்குமரஹாடா என்ற மலையடிவாரச் சிற்றூரில் படமாயிற்று. அதற்கு முன்பும் பாட்டுக்காக ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகாத படக்குழு இல்லை. ஆனால் அந்தப் படங்களில் வீட்டுக்குள் நடப்பதைப் பெரும்பாலும் செட்டில் எடுத்துவிட்டு, வெளியை அழகுக்குச் சேர்த்தார்கள். 1977-இல் பாரதிராஜா திண்ணையையும் டீக்கடையையும் ஆற்றங்கரையையும் கதை நடக்கும் இடமாகவே கொண்டார்.

வெளியே போவதற்குக் கருவிகளும் இடம் கொடுக்க வேண்டியிருந்தது. ஸ்டூடியோவின் பெரிய மிட்செல் கேமரா, தன் ஓசை வெளியே கேட்காதபடி உறை போட்டு, தள்ளுவண்டியில் வைத்து, நாலு பேர் சேர்ந்து நகர்த்த வேண்டிய யானை. வசனத்தைத் தளத்திலேயே பதிவு செய்த காலத்தில், கதவைச் சாத்திய, சத்தமில்லாத கூடம் இன்றியமையாதது. ஸ்டூடியோவின் மெய்யான பலமே அந்த நிசப்தம்தான். ஆரிஃப்ளெக்ஸ் போன்ற சிறிய கேமராக்களைத் தோளில்கூடத் தூக்கலாம். ஆனால் ஓடும்போது கர்ரென்று இரையும். வசனத்தைப் பிறகு டப்பிங்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஆனபின், அந்த இரைச்சல் ஒரு பொருட்டாக இல்லாமற் போயிற்று. ஜெனரேட்டர் வண்டி, விளக்குகள், கேமரா எல்லாவற்றையும் சேர்த்து வாடகைக்கு விடும் அவுட்டோர் யூனிட்டுகளும் வந்தன. ஸ்டூடியோவையே லாரியில் ஏற்றிக் கிளம்பலாம் என்ற நிலை வந்தபின், மதிலுக்கு உள்ளேயே இருக்க எவருக்கும் கட்டாயமில்லை.

செலவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பாரதிராஜா முதலில் இந்தக் கதையை அரசு நிதியுதவியுடன் சிறு கறுப்பு-வெள்ளைப் படமாக எடுக்க எண்ணினார், அது கைகூடவில்லை. பிறகு எஸ்.ஏ.ராஜ்கண்ணு தயாரிக்க, பி.எஸ்.நிவாஸ் ஒளிப்பதிவில் அது வண்ணப்படமாக உருவானது. முடிந்த படத்தை வாங்க விநியோகஸ்தர்கள் தயங்கியதால் ராஜ்கண்ணு தாமே வெளியிட வேண்டியிருந்தது. சப்பாணியாக நடித்த கமல்ஹாசன் கோவணத்துடனும் வெற்றிலைச் சாறு வழியும் வாயுடனும் நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்த எந்த விநியோகஸ்தருக்கு அட்வான்ஸ் கொடுக்க மனம் வரும்? ஆக, செலவு குறைவு என்பதன் உட்பொருள் சிக்கனம் மட்டுமல்ல. இழந்தால் ஒருவர் தாங்கிக்கொள்ளக்கூடிய தொகை என்றால், குறுக்கே வந்து கேள்வி கேட்பவர்களும் குறைவு. பெரிய தளத்தில், பெரிய வட்டியில், பெரிய நடிகருடன் இதே கதையை எடுத்திருந்தால், முதல் வாரமே சப்பாணிக்கு வேட்டி கட்டியிருப்பார்கள்.

கேள்வி: எங்கள் மண்ணின் பாலு மகேந்திராவை விட்டுவிட்டு இந்த வரலாற்றைச் சொல்ல முடியுமா? (வாசகி, மட்டக்களப்பு)

முடியாது. உங்கள் ஊர்ப் பக்கத்தில் பிறந்து, புனே கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து, மலையாளப் படங்களில் பேர் வாங்கி, கன்னடத்தில் ‘கோகிலா’வை இயக்கிய பின்னர்தான் அவர் தமிழுக்கு வந்தார். கிடைக்கும் வெளிச்சத்தையே நம்பி ஒளிப்பதிவு செய்வது அவருக்கு அழகியல் மட்டுமல்ல. விளக்கு வண்டிகளும் ஆட்களும் குறையக் குறைய, ஒரு காட்சியைத் திரும்ப எடுப்பது எளிதாகிறது. அவருடைய கேமராவும் இயக்குநர் மகேந்திரனின் எழுத்தும் சேர்ந்த ‘முள்ளும் மலரும்’ 1978-இல் வந்தது.

அந்தப் படத்தின் கதையை மகேந்திரன் பலமுறை சொல்லியிருக்கிறார். அதுவரை வில்லனாக அறியப்பட்ட ரஜினிகாந்தை நாயகனாகப் போடுவதில் தயாரிப்பாளருக்கு உடன்பாடில்லை, மகேந்திரன் விடவில்லை. அண்ணன்-தங்கை கதை என்பதால் கண்ணீர் வசனம் பக்கம் பக்கமாக வரும் என்று எதிர்பார்த்திருந்த தயாரிப்பாளர், எடுத்ததைப் போட்டுப் பார்த்தபோது பாத்திரங்கள் பேசாமல் நிற்பதையும் பார்ப்பதையும் கண்டு அதிர்ந்துபோனார். பாக்கியிருந்த சிறு பகுதியை எடுக்கப் பணம் தர அவர் மறுத்துவிட்டார். அந்தச் செலவைக் கொடுத்து உதவியவர், அந்தப் படத்தில் நடிக்காத கமல்ஹாசன்.

என் அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள். மெய்யப்பனுக்குப் பிடிக்கவில்லை என்றால் படம் திரும்ப எடுக்கப்பட்டது. இந்தத் தயாரிப்பாளருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவரிடம் திரும்ப எடுக்க வேறு தளமில்லை, சம்பளத்துக்கு வேறு இயக்குநரில்லை, மேற்கொண்டு கொட்டப் பணமுமில்லை. பையை மூட மட்டுமே அவரால் முடிந்தது. இயக்குநரின் காலம் என்று நாம் கொண்டாடுவது, தயாரிப்பாளரின் கை இப்படிக் கட்டப்பட்டிருந்த காலத்தையும் சேர்த்துத்தான். அதே ஆண்டு ருத்ரய்யா ‘அவள் அப்படித்தா’னைக் கறுப்பு-வெள்ளையில் எடுத்தார், அடுத்த ஆண்டு மகேந்திரனின் ‘உதிரிப்பூக்க’ளும் பாலு மகேந்திராவின் ‘அழியாத கோலங்க’ளும் வந்தன. மூன்றாண்டு இடைவெளிக்குள் இத்தனையும் வந்தது இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது.

கேள்வி: நான் உதவி இயக்குநராக ஐந்து ஆண்டுகளாக அலைகிறேன். அந்த ஸ்டூடியோக் காலமே எங்களுக்கு நல்லதாக இருந்திருக்குமோ? (வாசகர், வடபழனி)

ஒரு வகையில், ஆம். ஒன்றாந்தேதி சம்பளம் வந்திருக்கும். ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், ஒலிப்பதிவாளர் மூவரிடமும் ஒரே மதிலுக்குள் வேலை கற்றிருக்கலாம். ஒரு படம் ஓடாவிட்டாலும் அடுத்த படத்துக்கு நீங்கள் ஊழியராகவே இருந்திருப்பீர்கள். ஏவி.எம்.மின் படத்தொகுப்புப் பிரிவில் பையனாக நுழைந்து பின்னாளில் இயக்குநரான எஸ்.பி.முத்துராமன் அப்படி வளர்ந்தவர். இன்றைய முறையில் நீங்கள் ஓர் இயக்குநரை நம்பி நிற்கிறீர்கள். அவருக்கு அடுத்த படம் இல்லையென்றால் உங்களுக்குப் பேட்டாவும் இல்லை. ஸ்டூடியோ கலைந்ததில் விடுதலை பெற்றவர்கள் பத்துப் பேர் என்றால், வேலை இழந்த தச்சர்களும் தையல்காரர்களும் பலநூறு பேர். திரைப்பட வரலாற்று நூல்கள் முதல் கணக்கை மட்டும் எழுதுகின்றன.

ஆனால் இன்னொரு வகையில், ஐந்து ஆண்டுகளாக உங்கள் பையில் இருக்கும் கதை அங்கே கதை இலாகாவின் மேஜைக்குப் போயிருக்கும். திரும்பி வரும்போது அதில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: 1980-களில் ஏவி.எம். வெற்றிமேல் வெற்றி கண்டதே. ஸ்டூடியோ முறை மறுபடி திரும்பியதா? (வாசகர், காரைக்குடி)

மெய்யப்பன் போர்க்காலத்தில் உங்கள் ஊரில் ஸ்டூடியோ நடத்தினார் என்ற உரிமையில் கேட்கிறீர்கள் போலும். முறை திரும்பவில்லை, நிறுவனம் தன்னை மாற்றிக்கொண்டது. ‘முரட்டுக்காளை’, ‘சகலகலா வல்லவன்’ போன்றவற்றில் நட்சத்திரத்துக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் நடுவே, குறித்த நாளில் குறித்த செலவில் படத்தை முடித்துத் தரும் இயக்குநராக எஸ்.பி.முத்துராமன் இருந்தார், அதைக் குறைவான திறமை என்று நான் எண்ணவில்லை.

இதே நிறுவனத்தில் நடந்த வேறொன்றைச் சொல்ல வேண்டும். 1986-இல் விசு எழுதி இயக்கி நடித்த ‘சம்சாரம் அது மின்சாரம்’ கதையை முதலில் கேட்டபோது, நகைச்சுவை போதாது என்று தயாரிப்பாளர் எம்.சரவணனுக்குப் பட்டது. வீட்டு வேலைக்காரி பாத்திரம் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். மேடையிலேயே கதையைச் செதுக்கிவைத்திருந்த விசு, முணுமுணுத்திருக்கலாம், ஆனால் சேர்த்தார். மனோரமா நடித்த கண்ணம்மா அப்படித்தான் வந்தாள். அந்தப் படத்தைப் பார்த்தவர்களிடம் இப்போது கேட்டுப் பாருங்கள். இயக்குநரே பேசிய வசனங்களுக்கு முன்பாக, “கண்ணம்மா, கம்முனு கெட” என்பதைத்தான் சொல்வார்கள்.